வணக்கம், கோகிலவாணி

1

அந்தோனி அண்ணை தன் கைபேசியைத் தூக்கிக் கமராவுக்கு நேரே பிடித்தார். பின்னால் வன்னியின் நாயாற்றுக் கடற்கரை, இழுத்துப் போட்ட வள்ளங்கள், வேடிக்கை பார்க்கும் ஒரு நாய். நான் பெர்கனில் என் குசினி மேசையில் கோப்பியோடு இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யன்னலுக்கு வெளியே வழக்கமான மழை. நோர்வேயின் இந்தப் பக்கத்தில் மழை பெய்யாத காலை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

"இப்ப திறவுங்கோ அண்ணை," என்றான் பிரதீபன். அவன் இந்தச் செயலியைக் கட்டும் என் மாணவர் குழுவின் பேச்சாளன்.

அண்ணை விரலால் அமத்தினார். அவர் மீசைக்கும் வயதுக்கும் கொஞ்சமும் பொருந்தாமல், திரையில் பெரிய எழுத்தில் வந்தது: வணக்கம், கோகிலவாணி.

எனக்குச் சிரிப்பு வந்தது. மாறித் திறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்றவரின் கைபேசியைக் காட்டச் சொன்னேன். வணக்கம், கோகிலவாணி. மீன் கூடையோடு போன ஒரு பெண்ணை மறித்து அவருடையதையும் காட்டினார்கள். அவரும் கோகிலவாணி. என் சிரிப்பு நின்றுவிட்டது.

கோகிலவாணி என்பவள் அந்தக் குழுவிலேயே இருக்கும் மாணவி. கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளை. அவள்தான் கமராவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அதனால் அவள் முகத்தை நான் காணவில்லை.

2

இதை ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு, நான் யார், நாயாற்றுக் கரையில் எனக்கு என்ன வேலை என்று சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் கிளிநொச்சியில் குடியேறிய ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவன் நான். நோர்வேக்கு வந்து அரைவாசி வாழ்க்கை முடிந்துவிட்டது. வந்த புதிதில், ஆட்களைப் பதியும் கந்தோரில் என் பெயரையும் ஐயாவின் பெயரையும் இடம் மாற்றிப் பதிந்துவிட்டார்கள். திருத்தக் கேட்டேன். பிறந்த நாட்டில் இருந்து அத்தாட்சி கொண்டுவா என்றார்கள். அப்போது சண்டையில் இடம்பெயர்ந்த கிளிநொச்சிக் கச்சேரி, அதுதான் அரச செயலகம், எந்த மரத்தின் கீழ் இயங்கியது என்று எனக்கே தெரியாது. அப்படியே விட்டுவிட்டேன். அதனால் இங்கே எல்லாருக்கும் நான் செல்லையா. வாய்க்காலில் தண்ணீர் முறை பார்த்தே காலத்தைக் கழித்த என் ஐயா, இன்று பெர்கனில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தினமும் காலையில் எழும்பி நின்று கணக்குக் கொடுக்கிறார்.

உண்மையாகவே நின்றுதான். எங்கள் தொழிலில் இப்போது 'அஜைல்' என்று ஒரு முறை. முழு வீட்டுக்கும் முதலே படம் கீறிவிட்டுக் கட்டாமல், இரண்டு கிழமைக்கு ஒரு துண்டாகக் கட்டி, அதைப் பாவிக்கப்போகிறவரிடமே கொண்டுபோய்க் காட்டி, அவர் சொல்கிறபடி திருத்தித் திருத்திப் போவது. காலையில் எல்லாரும் வட்டமாக நின்று மூன்று கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். நேற்று என்ன செய்தாய்? இன்று என்ன செய்யப்போகிறாய்? என்ன தடை இருக்கிறது? கதிரையில் இருந்தால் கதை நீளும் என்பதால் நிற்கவைக்கிறார்கள்.

வவுனியாவில் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மென்பொருள் பொறியியலை இந்த முறையிலேயே படிப்பிக்க இணையம் வழியாக ஒரு ஆள் வேண்டும் என்று அறிந்தபோது ஓம் என்றேன். சம்பளம் வேண்டாம் என்றும் சொன்னேன். அதுதான் முதல் பிழை. வெளிநாட்டில் இருந்து ஒருவன் சும்மா வந்து நிற்கிறான் என்றால் வன்னியில் யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன்.

முதல் வகுப்பில் மூன்று கேள்விகளையும் விளக்கி முடித்து, "சந்தேகம் ஏதும் இருந்தால் கேளுங்கோ," என்றேன். பிரதீபன்தான் கேட்டான்.

"சேர், நாங்கள் சொல்லுற பதிலை நீங்கள் ஆருக்கு அனுப்புவீங்கள்?"

"ஒருத்தருக்கும் இல்லை. எனக்குத்தான்."

"ஓம் சேர்," என்றான். பிறகு மெதுவாக, "நீங்கள் எப்ப சேர் நாட்டை விட்டுப் போனனீங்கள்?"

கடைசிச் சண்டைக்கு முதலே என்று சொன்னேன். அந்தப் பதிலில் இருந்து அவர்கள் எதையோ எடுத்துக்கொண்டார்கள். என்ன எடுத்தார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை.

3

அவர்களுடைய பதில்கள் வரத் தொடங்கின. நேற்று வேலை செய்தனாங்கள் சேர். இண்டைக்கும் வேலை செய்வம் சேர். தடையை மட்டும் 'பிரச்சினை ஏதும் இருக்கோ?' என்று எங்கள் பேச்சில் கேட்பேன். "பிரச்சினை ஒண்டும் இல்லை சேர்." ஒவ்வொரு வகுப்பிலும் எல்லா வாயிலும் இதே பதில்தான்.

மென்பொருளில் பிரச்சினை ஒன்றும் இல்லை என்று ஒருவன் சொன்னால், ஒன்றில் அவன் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை, அல்லது பொய் சொல்கிறான். எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். நோண்டி நோண்டிக் கேட்டேன். கேட்கக் கேட்க அவர்கள் இன்னும் மரியாதையானார்கள். மரியாதை கூடினால் கதவு சாத்தியாகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் ஊரின் இந்தப் பழக்கத்தை நான் மறக்கவில்லை.

மறந்தது வேறொன்று. பிரச்சினை தொடங்கேக்கை, பிரச்சினை நேரம், பிரச்சினைக்குப் பிறகு என்றுதான் எங்கள் ஆட்கள் பேசுவார்கள். போர் என்று வாயால் சொன்னவர்கள் குறைவு. அந்தச் சொல்லைத்தான் நான் இந்தப் பிள்ளைகளின் முன்னால் வைத்து, உன்னிடம் இருக்கிறதா என்று வகுப்புக்கு வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் எடுத்த வேலை நல்ல வேலை: ஒரு கைபேசிச் செயலி, எங்கள் பேச்சில் 'அப்'. நாயாற்றில் தொழிலுக்குப் போகும் வள்ளம் ஒவ்வொன்றும் எப்போது போனது, எப்போது திரும்பியது என்று கரையில் இருப்பவர்கள் கைபேசியில் அமத்திவிட வேண்டும். ஒரு வள்ளம் வழமையான நேரத்துக்கு வராவிட்டால் எல்லாக் கைபேசிக்கும் செய்தி போகும். கேட்டவர் லூர்தக்கா. அங்குள்ள பெண்களின் சங்கத்தை நடத்துபவர். யாருக்காகக் கட்டுகிறோமோ அந்த ஆள் அவா.

இப்போது அந்த மூன்று கைபேசிகளுக்கு வருவோம். பாவிப்பவர் ஒவ்வொருவரும் தன் பெயரில் வரவேண்டும் என்பது நான் போட்ட விதி. உண்மையான ஆட்கள் பாவிக்கிறார்களா என்று எனக்கு வேறு எப்படித் தெரியும்? பொய்யாக ஆட்களைக் காட்டும் குழு இந்தப் பாடத்தில் தவறும் என்பதும் நான் எழுதிக்கொடுத்த விதிதான். கோகிலவாணிக்குக் கொழும்பில் ஒரு பயிற்சி வேலை சரிவந்திருந்தது. இந்தப் பாடம் தவறினால் அந்த வேலை போய்விடும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான் நினைத்தது இதுதான். கரையில் ஒருவரும் இதைப் பாவிக்கவில்லை. இந்தப் பிள்ளை தன் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, கிடைத்த கைபேசி எல்லாவற்றிலும் போட்டு, எனக்கு நாடகம் காட்டுகிறாள்.

4

அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். வவுனியாவில் விடுதி முற்றத்தில் நின்று கதைத்தாள். பின்னால் பஸ் கோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

"கரையிலை எத்தினை பேர் உண்மையாப் பாவிக்கினம்?"

"எல்லாரும் சேர்."

"எல்லாரும் எப்பிடிக் கோகிலவாணி ஆனவை?"

அவள் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றும் சத்தம் கேட்டது.

"நீ எனக்குப் பொய் காட்டுறாய் எண்டு நான் நினைக்கிறன்."

"நான் பொய் சொல்லலீங்க சேர்."

அந்த 'ங்க' எனக்குப் புதிது. வகுப்பில் அவள் எங்களைப் போலத்தான் கதைப்பாள். அவளுடைய ஆட்கள் ஒருகாலத்தில் மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கமம் செய்தவர்கள் என்று பிறகுதான் அறிந்தேன். பயந்தபோது வீட்டுத் தமிழ் வெளியே வந்துவிட்டது. அவளும் அதைக் கவனித்தாள். ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு எங்கள் தமிழுக்குத் திரும்பி வந்தாள்.

"முதல் பக்கத்திலை 'பதிவு செய்க' எண்டு ஒரு பொத்தான் வைச்சனாங்கள் சேர். அதைக் கண்ட உடனை எல்லாரும் போனைத் திருப்பித் தந்திட்டினம். நிறத்தை மாத்தினம். எழுத்தைப் பெருப்பிச்சம். ஒருத்தரும் தொடேல்லை. 'பதிவோ? பதிஞ்சது காணும் பிள்ளை' எண்டுதான் சொல்லிச்சினம். முகாமிலை பதிஞ்சது, வெளியிலை வரேக்கை பதிஞ்சது, திரும்ப வந்து வளவிலை இருக்கப் பதிஞ்சது. கடலுக்குப் போறது வாறதை வேறை ஒரு போனிலை தங்கட பேரோடை போடச் சொன்னால் போடுவினமோ?"

"அப்ப?"

"நான் என்ரை பேரிலை ஒண்டு திறந்து எல்லாரின்ரை போனிலையும் போட்டு விட்டன். பேந்துதான் பாவிக்கத் தொடங்கிச்சினம்."

"ஆரும் வந்து, உந்த வள்ளங்களின்ரை போக்குவரத்தை ஆர் வைச்சிருக்கிறது எண்டு கேட்டால், உன்ரை பேர்தானே வரும்?"

"ஓம் சேர்."

"பயம் இல்லையோ?"

"எங்கட தாத்தாவுக்கு எந்த நாட்டிலையும் பேர் இல்லை சேர். இங்கையும் குடிமகனா எடுக்கேல்லை, இந்தியாவிலையும் எடுக்கேல்லை. செத்த பிறகும் மரணத் துண்டு எடுக்க ஏலாமல் அப்பா அலைஞ்சவர். எங்கட வீட்டிலை பேர் இல்லாததுதான் கரைச்சல். கரையிலை இருக்கிறவைக்குப் பேர் இருந்ததுதான் கரைச்சல். எனக்குப் பேர் பதியிறதிலை பயம் இல்லை."

"இதை ஏன் முதலே சொல்லேல்லை? தடை இருக்கோ எண்டு நான் ஒவ்வொரு வகுப்பிலையும் கேட்டனான்தானே?"

"நீங்கள் பிரச்சினை இருக்கோ எண்டெல்லோ சேர் கேட்டனீங்கள்."

பிறகு அவசரமாகச் சொன்னாள். "கரையிலை ஒருத்தரிட்டையும் இதைக் கேக்காதீங்கோ சேர். பிளீஸ்."

அந்தக் கடைசி வசனம் வரை நான் அவளை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். கேட்காதே என்றால் கேட்டுப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றும். நல்ல கதையாகச் சொல்லிவிட்டு, விசாரிக்கவேண்டாம் என்கிறாள். பாட்டனாரையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். சந்தேகம் பிடித்தவனுக்கு எல்லாமே பொருந்திவரும்.

5

என் மகளுக்கு அபிநயா என்று பெயர். பெர்கனில் பிறந்து இப்போது வேறு வீட்டில் இருக்கிறாள். வந்தால் சாப்பிடுவாள், கைபேசியைப் பார்ப்பாள், போவாள். அன்றைக்கு வந்திருந்தபோது அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பெர்கன் வரைபடம் ஒன்றின் மேல் அவளுடைய சிநேகிதிகளின் முகங்கள் சின்னச் சின்ன வட்டமாக நகர்ந்துகொண்டிருந்தன. யார் எந்தத் தெருவில் என்று எல்லாருக்கும் தெரியும்.

"இதிலை நான் உன்னைப் பாக்கலாமோ?"

"இல்லை அப்பா. நீங்கள் பாத்தா பிறகு கேள்வி கேப்பீங்கள்."

எனக்குச் சுட்டது. காட்டிக்கொள்ளாமல் கதையை மாற்றினேன். பதிவு என்ற பொத்தானுக்குப் பயப்படும் ஒரு கரையைப் பற்றிச் சொன்னேன். அவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"பதிவு எண்டா ஒளிச்சிருக்கிறதுதானே?"

"இல்லை. பேர் எழுதிறது."

"நீங்கள்தானே சொன்னீங்கள், பிளேன் வந்தா 'பதிஞ்சு இரு, பதிஞ்சு இரு' எண்டு உங்கட ஐயா கத்துவார் எண்டு."

அவளுடைய தமிழைத் திருத்தத்தான் வாயெடுத்தேன். திருத்த அதில் ஒன்றும் இருக்கவில்லை. பெயரைக் கொடுப்பதற்கும் தலையைத் தாழ்த்தி மறைந்திருப்பதற்கும் எங்களிடம் ஒரே சொல்தான் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பொத்தானாக வைத்துவிட்டு, ஏன் அமத்தவில்லை என்று கரைச் சனத்தைக் கேட்டோம்.

இவ்வளவும் விளங்கியது. விளங்கிய பிறகும் லூர்தக்காவுக்கு அழைப்பெடுத்தேன். ஒருக்கால் சரிபார்த்துவிட்டால் நிம்மதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரிபார்க்காமல் எனக்கு நிம்மதி வந்ததே இல்லை.

6

"ஆர் கதைக்கிறது?" லூர்தக்காவின் குரல் தடித்த குரல்.

"பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற ஆள் அக்கா. அந்த வள்ளம் போறது வாறதைப் போடுற அப்பை உண்மையாப் பாவிக்கிறீங்களோ?"

"ஏன் கேக்கிறீங்கள்?"

"சும்மா. தெரிஞ்சுகொள்ள."

"சும்மா ஆரும் கேக்கிறேல்லை."

நியாயமான பேச்சு. மார்க் போடுவதற்காகக் கேட்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். குரல் கொஞ்சம் இளகியது.

"கோகிலவாணியையோ கேக்கிறீங்கள்? ஓம், நல்லாப் பாவிக்கிறம். விடிய வள்ளம் போனால் கோகிலவாணியிலை போட்டுவிடுவம். நேத்தும் அந்தோனி வரப் பிந்தி, கோகிலவாணிதான் எல்லாருக்கும் சொன்னது. பேந்து பாத்தால் எஞ்சின் பழுதாம்."

பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்த நிம்மதியில்தான் வாயை விட்டேன்.

"நல்லது அக்கா. அந்தப் பிள்ளை தன்ரை பேரிலை போட்டபடியால்தான் நான் குழம்பிப்போனன்."

"எந்தப் பிள்ளை?"

"கோகிலவாணி."

"அது அப்பின்ரை பேரெல்லோ? சாமிப் பேர் மாதிரி ஏதோ வைச்சிருக்கினம் எண்டுதான் நாங்கள் நினைச்சம்."

கரையில் அவளை எல்லாரும் வாணி என்றுதான் கூப்பிடுகிறார்களாம். முழுப்பெயர் ஒருவருக்கும் தெரியாதாம். அது அவளுடைய பெயர்தான் என்று நான் சொல்லிவிட்டேன்.

"அப்ப எங்கட வள்ளம் போறது வாறது முழுக்க, அந்தப் பிள்ளையின்ரை பேரிலையோ விழுது?"

"ஓம் அக்கா."

"எங்களுக்குச் சொல்லேல்லையே." பிறகு கேட்டா: "தம்பி, நீங்கள் எங்கை இருந்து கதைக்கிறீங்கள்?"

"நோர்வே."

"ம். நாங்கள் பிரச்சினை முடிய ஆமியிட்டைப் பேர் குடுத்து வந்தனாங்கள் தம்பி. என்ரை மூத்தவன்ரை பேரையும் என்ரை வாயாலைதான் சொல்லிப் பதிஞ்சு விட்டனான். அந்தப் பேர் இப்பவும் எங்கையோ எழுதிக் கிடக்கும். அவன்தான் இல்லை."

தொலைபேசியை வைத்துவிட்டா. கோகிலவாணி ஏன் கேட்கவேண்டாம் என்றாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் மறைத்தது என்னிடம் இருந்து அல்ல.

7

அடுத்த துண்டைக் காட்டும் நாளில் கரையில் கூட்டம் கூடியிருந்தது. குழுவை நான் தவறவைக்கவில்லை என்று முதலே அறிவித்திருந்தேன், அதனால் பிரதீபன் சிரித்த முகத்தோடு நின்றான். கோகிலவாணி இந்த முறை கமராவுக்கு முன்னால். முகம் அழுத முகம்.

வழக்கப்படி தொடங்கினேன். நேற்று, இன்று, தடை. பிரச்சினை என்ற சொல்லைத் தொடவில்லை.

"தடை இருக்கு சேர்," என்றாள் அவள்.

அந்த வகுப்பு தொடங்கிய காலத்தில் இருந்து நான் காத்திருந்த வசனம் அது.

"லூர்தக்கா என்ரை பேரை எடுத்துப்போட்டுத் தன்ரை பேரைப் போடச் சொல்லுறா. நான் எடுக்கமாட்டன்."

"எடுக்கத்தான் வேணும்," என்று லூர்தக்கா முன்னுக்கு வந்தா. தலைமுடி நரைத்த, உயரமான பெண். "படிக்கிற பிள்ளை. நாளைக்குக் கொழும்புக்கு வேலைக்குப் போறது. எங்கட கடலுக்கு அது ஏன் பதில் சொல்லவேணும்? நான் இருக்கிறன். என்னை வந்து கேக்கட்டும். என்னட்டை எடுக்க இனி என்ன கிடக்கு?"

"பேரே இல்லாமல் செய்யலாம் அக்கா," என்றேன். "அது லேசான வேலை. ஒருத்தரின்ரை பேரும் தேவையில்லை."

நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். லூர்தக்கா தலையாட்டினா, வேண்டாம் என்று.

"ஒரு வள்ளம் வராட்டி, போய் நிண்டு 'தேடுங்கோ' எண்டு கேக்க ஒரு ஆள் வேணும் தம்பி. நீ ஆர் எண்டு கேப்பினம். பேர் இல்லாமல் போய் நிண்டால் ஆரைத் தேடுவினம்?"

பிறகு சங்கத்துப் பெண்கள், வள்ளக்காரர், பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். எனக்குப் பாதி விளங்கவில்லை. பதிவு என்ற பொத்தானை லூர்தக்காவே தன் விரலால் அமத்தினா என்பது மட்டும் தெரிந்தது, ஏனென்றால் அந்த இடத்தில் எல்லாரும் ஒருமுறை அமைதியானார்கள். பிரதீபன் நின்ற நிலையிலேயே மடிக்கணினியில் ஒரு வரியை மாற்றினான். அந்தோனி அண்ணை திரும்பவும் தன் கைபேசியைக் கமராவுக்குப் பிடித்தார்.

வணக்கம், கோகிலவாணி, லூர்து.

"முந்தி ஒண்டு, இப்ப ரெண்டு பொம்பிளைப் பேர் எனக்கு," என்று அண்ணை முறைப்பட்டார். கரையே சிரித்தது. கோகிலவாணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். லூர்தக்கா அவள் தோளில் கையைப் போட்டபடி நின்றா.

எனக்கு அந்தச் சிரிப்புக்குள் போகவேண்டும் போல் இருந்தது. இவ்வளவு நாளும் வெளியில் நின்று விசாரித்த ஆள் நான். "என்ரை பேரையும் போடுங்கோ அக்கா," என்றேன். சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன்.

லூர்தக்கா கமராவுக்குக் கிட்ட வந்து என்னைப் பார்த்தா. கோபம் இல்லை. விலை கேட்கும்போது பார்க்கிற பார்வை.

"போடலாம் தம்பி. ஒரு வள்ளம் வராட்டி, நீங்கள் வந்து நிண்டு கேப்பீங்களோ?"

எந்தப் பெயரைப் போடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இங்கே பதிந்திருப்பது ஐயாவின் பெயர். யன்னலுக்கு வெளியே மழை. இன்னும் கொஞ்ச நேரத்தில் வேலைக்குப் போய் வட்டத்தில் நிற்கவேண்டும். நாயாற்றில் எல்லாரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். படம் உறைந்துவிட்டது என்றுகூட அவர்கள் நினைத்திருக்கலாம்.

என்னைக் காப்பாற்றியவள் கோகிலவாணிதான். நான் படிப்பித்த அதே தொனியில், கூட்டத்தை முடிக்கிற குரலில் கேட்டாள்.

"சேர், உங்கட பக்கத்திலை ஏதும் தடை இருக்கோ?"

"பிரச்சினை ஒண்டும் இல்லை," என்றேன் நான்.